கணினியோடு பிரிட்ஜ் ஆடிப் பழகுவது எப்படி: புதிதாக வருகிறவர்களுக்கு

பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். ஊரில் இன்னும் மூன்று பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்க வேண்டும், புதிதாக வந்தவரின் தடுமாற்றத்தை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாம் கூடி வருவதற்குள் ஆசையே வடிந்துவிடும். கணினி இருந்தால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. நள்ளிரவில் உட்கார்ந்தாலும் எதிராளி இருவரும் எதிரே கூட்டாளி ஒருவரும் தயாராக இருப்பார்கள். ஒரு சீட்டுக்கு ஐந்து நிமிடம் யோசித்தாலும் யாரும் பெருமூச்சு விடமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக் கூட்டாளி உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, தயக்கத்தைக் கவனிப்பதில்லை, 'புதியவர், வேறு ஏதோ சொல்ல வந்திருப்பார்' என்று சலுகை காட்டுவதும் இல்லை. நீங்கள் ஏலத்தில் கேட்டதை எழுத்துக்கு எழுத்து நம்பும். அந்த ஏலத்துக்கு அதன் அகராதியில் என்ன பொருள் என்று பார்த்துவிட்டுக் கேட்பவர்களுக்கு அது நல்ல துணை. பாராமல் கேட்பவர்கள் இரண்டே நாளில் 'இதுக்கு ஆடவே தெரியல' என்று மூடிவைத்துவிடுவார்கள். இந்தக் கட்டுரையின் பாதி அந்த அகராதியைப் படிக்கும் பழக்கத்தைப் பற்றியதுதான்.

உட்காரும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கொரு சீட்டாக நான்கு சீட்டு விழுந்தால் ஒரு பிடி, மொத்தம் 13 பிடி. ஆட்டத்துக்கு முன் ஏலம். '1' என்று கேட்டால் 6-ஐயும் சேர்த்து 7 பிடி எடுப்பேன் என்று பொருள். '3 நோ ட்ரம்ப்' என்றால் துருப்பு இல்லாமல் 9 பிடி. ஏல வரிசையில் கிளப் கீழே, அதற்கு மேல் டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலே நோ ட்ரம்ப். ஏலத்தை வென்ற பக்கத்தில் அந்த இனத்தை முதலில் சொன்னவர் ஆடுவார். அவருடைய கூட்டாளியின் 13 சீட்டும் மேசையில் விரிக்கப்படும். அதுதான் டம்மி.

இலங்கையில் 304 ஆடி வளர்ந்தவர்களுக்கு ஏலம், துருப்பு, கூட்டாளி, பிடி எல்லாம் கைவந்த சங்கதி. அவர்களுக்குப் புதிது டம்மியும் புள்ளிக் கணக்கும் மட்டுமே.

புள்ளிக் கணக்கு இது: ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதும் சேர்த்து 40, சராசரியாக ஒரு கைக்கு 10. இரண்டு கையும் சேர்ந்து 25 அளவில் இருந்தால் 'கேம்' எனப்படும் போனஸ் கிடைக்கும் ஏலங்களைக் கேட்கலாம். அவை 3 நோ ட்ரம்ப், 4 ஹார்ட், 4 ஸ்பேட், 5 கிளப், 5 டைமண்ட். 33 இருந்தால் 12 பிடிக்கான சின்ன ஸ்லாம். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். மீதியை ஆடிக்கொண்டே கற்கலாம்.

எந்த மென்பொருள்?

இந்தக் கட்டுரை முழுக்க பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தை வைத்தே விளக்குகிறேன். பி.பி.ஓ. என்றால் பிரிட்ஜ் ஆடும் எல்லோருக்கும் தெரியும். கனடாவின் ஃபிரெட் கிட்டெல்மன் உருவாக்கியது, 2001 முதல் இயங்குகிறது. உலாவியிலும் ஆடலாம், கைபேசிச் செயலியும் உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் இயந்திர ஆட்டக்காரரின் பெயர் ஜிப். மாத்யூ கின்ஸ்பெர்க் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி எழுதிய நிரல் அது. கணினிகளுக்கான உலக பிரிட்ஜ் சாம்பியன் பட்டத்தை 1998-லும் 1999-லும் வென்றது.

இணையம் இல்லாமல் வீட்டுக் கணினியில் ஆட விரும்பினால் ஈவ் காஸ்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் டபிள்யூபிரிட்ஜ்5 இருக்கிறது. விண்டோஸில் இயங்கும், இலவசம், அதுவும் உலகப் பட்டம் பலமுறை வென்றது. நெதர்லாந்தின் ஜாக் அதைவிட அதிக முறை வென்றது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஃபன்பிரிட்ஜ் என்ற செயலியில் ஆர்ஜின் என்ற இயந்திரம் ஆடுகிறது. நான்கும் நல்லவையே. ஆனால் ஆரம்பத்தில் நான்கையும் மாற்றி மாற்றி ஆடாதீர்கள். ஒவ்வொன்றின் ஏல முறையும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், ஒன்றில் பழகியது இன்னொன்றில் உதைக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பேச்சு பழகும்வரை அதிலேயே இருங்கள்.

பி.பி.ஓ.வில் கணக்குத் தொடங்கக் காசில்லை. உள்ளே போனதும் 'சாலிட்டேர்' பகுதியில் 'ஜஸ்ட் பிளே பிரிட்ஜ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் மூன்று இயந்திரங்களோடு உட்கார்ந்துவிடுவீர்கள், இலவசமாக. போட்டிகளுக்கும், உங்கள் சொந்த மேசையில் இயந்திரங்களை வாடகைக்கு உட்கார வைப்பதற்கும் கட்டணம் உண்டு. தொகை அவ்வப்போது மாறும், தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை இயந்திரத்தில் 'பேசிக்', 'அட்வான்ஸ்டு' என்று இரண்டு ரகம். பேசிக் குறைவாக யோசிக்கும், ஏலத்தில் சில சமயம் விபரீதமாகப் போகும். பழகுவதற்கு இலவச மேசையே போதும் என்பதால் முதலில் காசு செலவழிக்க வேண்டாம்.

அமைப்புகளில் இரண்டு மாற்றங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் 'செட்டிங்ஸ்' போய், ஏலத்தை உறுதிசெய்யக் கேட்கும் வசதியையும் சீட்டை உறுதிசெய்யக் கேட்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். கைபேசியில் விரல் வழுக்கி 3 ஹார்ட்டுக்குப் பதில் 3 ஸ்பேட் விழுவது சாதாரணம். போட்டி மேசையில் அதைத் திரும்பப் பெற முடியாது. பழகும் மேசையில் 'அன்டூ' கேட்டால் இயந்திரம் உடனே விட்டுக்கொடுக்கும், ஆனால் அதையே நம்பி ஆடிப் பழகாதீர்கள்.

ஒரே ஒரு சீட்டுதான் போட முடியும் என்ற நிலையில் அதைத் தானாகவே போட்டுவிடும் வசதியும் உண்டு. அதை அணைத்தே வையுங்கள். விழும் சீட்டுகளை எண்ணிக்கொண்டு வர வேண்டிய நேரத்தில் திரை உங்களை முந்திக்கொண்டு ஓடினால் எண்ணிக்கை தவறிப்போகும்.

கேட்கும் முன் படியுங்கள்

ஏலப் பெட்டியில் ஒரு கேட்பின் மேல் சுட்டியை வைத்தால், அல்லது உறுதிசெய்யும் முன் ஒருமுறை தட்டினால், ஜிப் அதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்ற விளக்கம் வரும். ஏற்கெனவே விழுந்த கேட்பைத் தட்டினாலும் வரும். ஒவ்வொரு முறையும் இதைப் படியுங்கள். நன்றாகத் தெரிந்த கேட்பாக இருந்தாலும் படியுங்கள்.

உதாரணமாக 1 நோ ட்ரம்ப் என்று தொடங்கப் போகிறீர்கள். விளக்கத்தில் 15 முதல் 17 புள்ளி, ஒவ்வொரு இனத்திலும் 2 முதல் 5 சீட்டு என்று வரும். அதாவது உங்கள் கையில் ஒற்றைச் சீட்டு இனம் எதுவும் கிடையாது என்று கூட்டாளி முடிவுகட்டிவிடும். 14 புள்ளி இருக்கிறது, பார்க்க அழகான கை என்று நீங்கள் இதைக் கேட்டால், இல்லாத அந்த ஒரு புள்ளியை நம்பி அது உங்களை 3-க்கு ஏற்றிவிடும்.

ஜிப் ஆடுவது 'டூ ஓவர் ஒன்' என்ற முறை. ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ ஒரு கேட்புத் தொடங்க அந்த இனத்தில் 5 சீட்டு வேண்டும். இந்த முறையில் புதியவர்கள் அதிகமாக இடறும் இடம் ஒன்று உண்டு. கூட்டாளி 1 ஸ்பேட் தொடங்குகிறது, உங்களிடம் 10 புள்ளியும் 5 டைமண்டும் இருக்கின்றன. பழைய முறைகளைப் படித்தவர்கள் இயல்பாக 2 டைமண்ட் சொல்வார்கள். ஜிப்பின் அகராதியில் அதற்கு 'கேம் வரை நாம் இருவரும் நிற்பதில்லை' என்று பொருள். பிறகு நீங்கள் எங்கே பாஸ் சொல்லி இறங்கப் பார்த்தாலும் அதற்குள் அது உங்களை உயரத்துக்கு ஏற்றியிருக்கும். அந்தக் கைக்கு 1 நோ ட்ரம்ப் சொல்ல வேண்டும். விளக்கத்தை ஒரு நொடி பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இன்னொன்று டிரான்ஸ்ஃபர். கூட்டாளி 1 நோ ட்ரம்ப் தொடங்கியபின் நீங்கள் 2 ஹார்ட் சொன்னால் 'எனக்கு ஸ்பேடில் 5 இருக்கிறது, நீ 2 ஸ்பேட் சொல்' என்று பொருள். 2 டைமண்ட் சொன்னால் ஹார்ட். 2 கிளப் சொன்னால் 'உன்னிடம் ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ 4 இருக்கிறதா?' என்ற கேள்வி. உங்களிடம் 6 ஹார்ட் இருக்கிறதே என்று நேராக 2 ஹார்ட் சொன்னால், கூட்டாளி 2 ஸ்பேட் சொல்வதைப் பார்த்துத் திகைத்துப்போவீர்கள். இயந்திரம் பிழை செய்யவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் செய்தது.

எதிராளியின் கேட்புக்கான மதிப்பெண்ணைக் கூட்டும் 'டபுள்' என்ற கேட்பில் கூடுதல் கவனம் தேவை. கீழ்மட்டத்தில் எதிராளியின் இனத்துக்கு நீங்கள் சொல்லும் டபுள் பெரும்பாலும் 'உன் நல்ல இனத்தைச் சொல்' என்ற அழைப்பாகவே போய்ச்சேரும். அவர்களைத் தோற்கடிக்கும் எண்ணத்தில் சொன்னால் கூட்டாளி ஏதோ ஓர் இனத்தைச் சொல்லி ஏலத்தை உங்கள் பக்கம் இழுத்துவிடும். சில சமயம் விளக்கம் வெறுமையாகவோ, உங்கள் கைக்குச் சம்பந்தமே இல்லாமலோ இருக்கும். அந்தக் கேட்பை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். எவ்வளவு அழகான கேட்பாக இருந்தாலும் விட்டுவிட்டு, விளக்கம் தெளிவாக உள்ள வேறொன்றைச் சொல்லுங்கள்.

ஒரு கையை ஆடிப் பார்ப்போம்

நீங்கள் தெற்கில் இருக்கிறீர்கள். உங்கள் கை:

ஸ்பேட்: ஏஸ், 7, 4
ஹார்ட்: ராஜா, ராணி, 5
டைமண்ட்: ஏஸ், ஜாக்கி, 10, 3
கிளப்: ராஜா, 8, 2

17 புள்ளி. 1 நோ ட்ரம்ப் சொல்கிறீர்கள், வடக்கில் உள்ள ஜிப் 3 நோ ட்ரம்ப் சொல்கிறது, எல்லோரும் பாஸ். மேற்கு ஸ்பேட் 5-ஐ இறக்க, டம்மி விரிகிறது:

ஸ்பேட்: 8, 3
ஹார்ட்: ஏஸ், 7, 2
டைமண்ட்: ராஜா, 9, 8, 5, 2
கிளப்: ஏஸ், 7, 5

இங்கே கையை எடுத்துவிடுங்கள். திரையைத் தொடாதீர்கள். டம்மியிலிருந்து முதல் சீட்டைப் போடும் முன் எண்ண வேண்டும். கணினியோடு ஆடுவதில் கிடைக்கும் பெரிய வரம் இந்த நேரம்தான். மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் இவ்வளவு நேரம் எடுத்தால் நமக்கே கூச்சமாக இருக்கும்.

உறுதியான பிடிகள்: ஸ்பேடில் 1, ஹார்ட்டில் 3, டைமண்டில் 2, கிளப்பில் 2. மொத்தம் 8. தேவை 9. டைமண்டில் இரு கையிலும் சேர்த்து 9 சீட்டு இருக்கிறது, ராணி மட்டும் வெளியே. ஒன்பதாவது பிடி அங்கிருந்துதான் வரும். ராணியை எதிராளி ஒருமுறை பிடித்தாலும் பரவாயில்லை, பிடித்தபின் அவர் என்ன செய்வார் என்பதுதான் பயம்.

ஸ்பேடில் உங்களிடம் இரு கையிலும் 5 சீட்டு, ஆக எதிராளிகளிடம் 8. மேற்கு நீளமான இனத்திலிருந்து இறக்கியிருக்கும். அதனிடம் 5, கிழக்கிடம் 3 என்று வைத்துக்கொள்வோம். முதல் பிடியில் கிழக்கு ராணியைப் போட்டால் உங்கள் ஏஸை உடனே அடிக்காதீர்கள், 4-ஐப் போடுங்கள். திரும்ப ஸ்பேட் வந்தால் 7-ஐப் போடுங்கள். மூன்றாம் முறைதான் ஏஸ். இப்போது கிழக்கின் கையில் ஸ்பேட் தீர்ந்துவிட்டது. அது பிடித்தாலும் மேற்குக்கு ஸ்பேட் அனுப்ப வழியில்லை. மேற்கு பிடித்தால் மட்டுமே ஆபத்து.

ஆகவே டைமண்டை மேற்கு பிடிக்காதபடி ஆட வேண்டும். முதலில் ஏஸை அடியுங்கள். பிறகு உங்கள் கையிலிருந்து ஜாக்கியை விடுங்கள். மேற்கு சின்னச் சீட்டுப் போட்டால் டம்மியிலிருந்தும் சின்னச் சீட்டே. ராணி மேற்கிடம் இருந்தால் ஜாக்கி பிடியெடுக்கும், மொத்தம் 11 பிடி. ராணி கிழக்கிடம் இருந்தால் அது பிடிக்கும், ஆனால் ஸ்பேட் இல்லை. உங்களுக்கு 10 பிடி. ஸ்பேட் 4-4 ஆகப் பிரிந்திருந்தால் கிழக்கிடம் இன்னும் ஒரு ஸ்பேட் இருக்கும், அப்போதும் நீங்கள் இழப்பது 3 ஸ்பேடும் 1 டைமண்டும் மட்டுமே. 9 பிடி கையில்.

'ஒன்பது சீட்டு இருந்தால் ஏஸ், ராஜா இரண்டையும் அடித்து ராணியை விழவை' என்று ஒரு பொதுவிதி உண்டு. இரண்டுக்கு இரண்டாகப் பிரியும் வாய்ப்பு சுமார் 40.7 விழுக்காடு என்பதை வைத்து வந்த விதி, தனியாகப் பார்த்தால் சரியானதே. இந்தக் கையில் அப்படி ஆடி, மேற்கிடம் மூன்று டைமண்டுகளோடு ராணி இருந்துவிட்டால், அது ராணியால் பிடித்து மீதி இரண்டு ஸ்பேடையும் எடுக்கும். 5 பிடி போய்விடும், ஒன்று குறைந்து தோற்பீர்கள்.

ஆடி முடித்தபின்

கை முடிந்ததும் 'ஹிஸ்டரி'யில் போய் அதே கையைத் திறந்தால், நான்கு கையையும் விரித்து, ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு குறியைக் காட்டும் வசதி இருக்கும். சமக்குறி என்றால் ஒப்பந்தம் (ஏலத்தில் ஏற்ற பிடிக்கணக்கு) சரியாக நிறைவேறும் சீட்டு, கூட்டல் எண் என்றால் அவ்வளவு உபரி, கழித்தல் எண் என்றால் அவ்வளவு குறை. இது அருமையான ஆசிரியர். ஆனால் அது நான்கு கையையும் பார்த்துக்கொண்டு சொல்லும் தீர்ப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

மேலே பார்த்த கையில் கிழக்கிடம் டைமண்ட் ராணியும் 7-ம் மட்டும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஸும் ராஜாவும் அடித்திருந்தால் ராணி விழுந்து 11 பிடி வந்திருக்கும். நீங்கள் ஜாக்கியை விட்டதால் 10. திருப்பிப் பார்க்கும்போது அந்த ஜாக்கியின் மேல் மற்றதைவிட ஒன்று குறைந்த எண் நிற்கும். அதைப் பார்த்து 'தப்பாக ஆடிவிட்டேன்' என்று முடிவுசெய்தால், சரியாகக் கற்றதை மறந்துவிடுவீர்கள். குறி குறையும் இடத்தில் எல்லாம் நின்று, 'எனக்கு அப்போது தெரிந்ததை வைத்து வேறு மாதிரி ஆட வழி இருந்ததா?' என்று மட்டும் கேளுங்கள். இருந்தது என்றால் அது பாடம். இல்லை என்றால் அடுத்த கைக்குப் போங்கள்.

அதே கையை ஆடிய மற்றவர்களின் முடிவுகளைக் காட்டும் இடத்தில், அவர்கள் எங்கே பிரிந்து போனார்கள் என்று பார்ப்பதும் நிறையச் சொல்லித்தரும். குறிப்பாக ஏலத்தில்.

அது எப்படி யோசிக்கிறது?

இது தெரிந்தால் அதன் விநோதங்கள் புதிராக இருக்காது. ஒரு சீட்டுப் போடும் முன் ஜிப், தெரியாத கைகளை ஏலத்துக்கும் இதுவரை விழுந்த சீட்டுகளுக்கும் பொருந்தும்படி பலவிதமாகக் கற்பனையில் பங்கிடுகிறது. ஒவ்வொரு பங்கீட்டையும், நான்கு கையும் திறந்து கிடப்பதுபோல முழுக்க ஆடித் தீர்க்கிறது. எந்தச் சீட்டு அத்தனையிலும் சேர்த்துச் சராசரியாக நல்ல பலன் தருகிறதோ அதைப் போடுகிறது. 1998-இல் பிரான்சின் லில் நகரில் நடந்த உலகப் போட்டியில், சீட்டு ஆடும் திறனுக்கான தனிப் பிரிவில் மனித வல்லுநர்களோடு உட்கார்ந்து 12-ஆம் இடம் பிடித்தது இந்த முறையில்தான்.

இதில் ஒரு பலவீனம் உள்ளே பொதிந்திருக்கிறது. கற்பனையில் எல்லோருக்கும் எல்லாச் சீட்டும் தெரியும் என்பதால், நீங்கள் எப்படியும் சரியாகவே ஆடிவிடுவீர்கள் என்று அது நினைக்கிறது. தடுப்பாட்டத்தில் 'இனி இவரைத் தோற்கடிக்க முடியாது, எதைப் போட்டாலும் ஒன்றுதான்' என்று கணக்கு வந்துவிட்டால் எதையோ ஒன்றைப் போடும். மனிதர் என்றால் நீங்கள் தடுமாறக்கூடும் என்று எண்ணி ஒரு பொறி வைப்பார். ஜிப் வைக்காது. ஆகவே அதன் சீட்டுகளில் அதிகமாகச் செய்தி தேடாதீர்கள். நீங்கள் தடுப்பவராக இருக்கும்போது சீட்டின் மூலம் காட்டும் சைகைகளை அது படித்து நடக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். 'இந்த இனத்தையே திரும்பப் போடு' என்று பெரிய சீட்டைக் காட்டி ஏமாறுவதைவிட, நீங்களே பிடியெடுத்துத் திருப்ப வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

மீதியெல்லாம் உங்களுடையது என்று 'கிளெயிம்' செய்தால் இயந்திரம் சரிபார்த்துத்தான் ஒப்புக்கொள்ளும். மறுத்தால் கோபப்படாமல் ஆடி முடியுங்கள், எதையோ எண்ணாமல் விட்டிருப்பீர்கள்.

செஸ்ஸில் 1997-லேயே உலக சாம்பியன் காஸ்பரோவ் கணினியிடம் தோற்றார். பிரிட்ஜில் அந்த அளவுக்குப் பேசப்பட்ட வெற்றி 2022-இல் பாரிஸில்தான் வந்தது. நூக் என்ற நிரல் எட்டு உலக சாம்பியன்களைவிட நன்றாக ஆடியது. அதுவும் ஏலத்தை விட்டுவிட்டு, 3 நோ ட்ரம்ப் ஆடுவதில் மட்டும். மறைந்திருக்கும் சீட்டும் கூட்டாளியோடு பேச்சும் சேர்ந்தால் இயந்திரத்துக்கே இவ்வளவு கடினம் என்றால், புதியவருக்கு முதல் சில வாரம் குழப்பமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

போட்டிகளும் 'பெஸ்ட் ஹேண்ட்' பழக்கமும்

கொஞ்சம் பழகியதும் இயந்திரப் போட்டிகளில் சேரலாம். 'டேலாங்' என்ற வகையில் ஒரு நாள் முழுக்கத் திறந்திருக்கும், வசதியான நேரத்தில் ஆடி முடிக்கலாம். சேரும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது மதிப்பெண் முறை. 'மேட்ச்பாயிண்ட்' என்றால் எத்தனை பேரைவிட நன்றாக ஆடினீர்கள் என்பதே கணக்கு, எவ்வளவு வித்தியாசம் என்பது இல்லை. 'இம்ப்' என்றால் வித்தியாசத்தின் அளவுக்கு ஏற்ப மதிப்பெண். மேலே பார்த்த கையில், வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாதபோது 10 பிடிக்கு 430, 11 பிடிக்கு 460. இம்ப்பில் அந்த 30 வெறும் 1 இம்ப். ஆனால் ஒன்று குறைந்து தோற்றால் 430-க்கும் கழித்தல் 50-க்கும் இடையே 480 வித்தியாசம், அது 10 இம்ப். எனவே இம்ப்பில் பாதுகாப்பாக ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதே முக்கியம். மேட்ச்பாயிண்டில் அந்த ஒரு உபரிப் பிடி பாதிப் பேரைத் தாண்டச் செய்யலாம். புதியவர்கள் இம்ப் போட்டியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஏலத்தில் கேம் கேட்கும் துணிச்சலும், ஆட்டத்தில் நிதானமும் ஒன்றாகப் பழகும்.

இரண்டாவது, பல போட்டிகளில் 'பெஸ்ட் ஹேண்ட்' இருக்கும். நான்கு கைகளில் அதிகப் புள்ளியுள்ள கை எப்போதும் உங்களுக்கே வரும். ஆடக் குஷியாக இருக்கும். இதில் ஒரு துப்பும் கிடைக்கிறது: உங்களிடம் 13 என்றால் மற்ற யாரிடமும் 13-க்கு மேல் இல்லை, எனவே காணாத ஏஸும் ராஜாவும் ஒரே கையில் குவிந்திருக்க வழி குறைவு. ஆனால் இதையே ஆடிக்கொண்டிருந்தால் உங்கள் கண் கெட்டுப்போகும். மனிதர்களோடு ஆடும்போது பாதி நேரம் கையில் 10-க்குக் கீழேதான் இருக்கும், தடுப்பாட்டமே அதிகம் ஆட வேண்டியிருக்கும். பெஸ்ட் ஹேண்ட் மட்டும் ஆடியவர்களுக்குத் தடுக்கவே தெரியாது. ஆகவே சாதாரணப் பங்கீட்டிலும் அதே அளவு ஆடுங்கள்.

பிரிட்ஜ் மாஸ்டர்

அதே 'சாலிட்டேர்' பகுதியில் 'பிரிட்ஜ் மாஸ்டர்' இருக்கிறது. இதுவும் கிட்டெல்மனின் கைவண்ணம், இலவசம். இதில் ஏலம் முடிந்த கைகள் வரும், நீங்கள் ஆட வேண்டும். ஐந்து நிலைகள். இதன் சிறப்பு என்னவென்றால் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. தவறான வழியில் போனால் அந்த வழி தோற்கும்படியாகவே எதிராளியின் சீட்டுகள் அமையும். தோற்றபின் 'மூவி' என்பதை அழுத்தினால் படிப்படியாக விளக்கும். முதல் நிலையை முடிக்காமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள். நாளுக்கு ஓரிரண்டு கை போதும், ஆனால் விளக்கத்தை முழுக்கப் படியுங்கள். நான் இதில் கற்றதைப்போல வேறு எங்கும் டம்மியை எண்ணக் கற்கவில்லை.

மனிதர்களோடு உட்காரும்போது

இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் இணையர் பிரிவில் தங்கம் வென்றபோது பர்தனுக்கு வயது 60. எந்த வயதிலும் தொடங்கலாம், எந்த வயதிலும் மேலே போகலாம். எனவே இயந்திரத்தோடேயே நின்றுவிடாதீர்கள்.

நடுவில் ஒரு படி இருக்கிறது. தெரிந்த ஒருவரை எதிரே கூட்டாளியாக உட்காரவைத்து, இரண்டு பக்கமும் இயந்திரங்களை வாடகைக்கு அமர்த்துங்கள். எதிராளிகள் எதற்கும் கோபிக்காதவர்கள், கூட்டாளி மட்டும் மனிதர். ஆட உட்காரும் முன் இருவரும் பேசி எழுதிவைத்துக்கொள்ள வேண்டியவை: 1 நோ ட்ரம்ப் எத்தனை புள்ளி, 1 ஸ்பேடுக்கு மேல் 2 டைமண்ட் சொன்னால் கேம் வரை போவதா இல்லையா, டிரான்ஸ்ஃபர் உண்டா, கீழ்மட்ட டபுளுக்கு என்ன பொருள், தடுக்கும்போது பெரிய சீட்டுப் போட்டால் 'இதையே தொடர்' என்றா 'வேண்டாம்' என்றா. இப்போது ஏலப் பெட்டியில் வரும் ஜிப்பின் விளக்கம் உங்கள் கூட்டாளிக்குப் பொருந்தாது. உங்கள் கேட்புக்குச் சிறப்புப் பொருள் ஏதாவது இருந்தால் அதை 'அலெர்ட்' செய்து, அதாவது எதிராளிகளுக்குக் குறித்துக் காட்டி, இரண்டு சொல்லில் விளக்கம் தட்டுங்கள். இயந்திரம் அதைப் படிக்காது என்றாலும் செய்யுங்கள், நாளை அந்த இருக்கையில் மனிதர்கள் இருப்பார்கள்.